வி.பி.பி. வாட்சும் பெரியப்பா கடை மிக்ஸியும்

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் பெரிய சுருளாவே கொளுத்தப் போறேன். நீளமான பதிவு, ஒரு டீயைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

போன ஆனி மாசம் பெரியப்பாகிட்ட இருந்து போன். "எலே, கடைய ஒழிச்சுக் குடுக்கணும். ஒத்தையில முடியல. ரெண்டு நாள் வந்துட்டுப் போ." அவ்வளவுதான் பேச்சு. வச்சுட்டார்.

தென்காசியில் கோயிலில் இருந்து நாலு தெரு தள்ளி அந்தக் கடை. 1979-ல் ஆரம்பிச்சது. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ், பின்னால டிவி, நடுவுல கொஞ்ச காலம் செல்போன். கல்லாவுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல், ஸ்க்ரூ டிரைவர் செட், சால்டரிங் அயர்ன். விற்கிறதும் அவரே, ரிப்பேர் பார்க்கிறதும் அவரே. நான் டவுசர் போட்ட காலத்தில் லீவு விட்டா அங்கதான் கிடப்பேன். ஃபேன் பெட்டிக்குள்ள வர்ற தெர்மாகோலை நொறுக்கிப் பனி கொட்டுற விளையாட்டு. (அதுக்கு வாங்கின அடி தனிப்பதிவு.)

ரெண்டு நாள் ஒழிச்சோம். விற்காத டேப் ரிக்கார்டர் ரெண்டு, கட்டுக்கட்டா கேரண்டி கார்டு, பதினொரு பற்று நோட்டு. மேசை டிராயரின் அடியில், பழைய காலண்டர் தாளில் சுத்தி ஒரு கைக்கடிகாரம். எடுத்துக் காதில் வச்சுப் பார்த்தேன். பெரியப்பா சிரிச்சார். "அது ஓடாதுலே. என்னைக்குமே ஓடினதில்ல. உங்க தாத்தா வி.பி.பி.-ல வாங்கின வாட்சு."

முள் ரெண்டும் டயலில் அச்சடிச்சிருந்தது. பத்து மணி பத்து நிமிஷம்.

கதை இதுதான். தாத்தா அரிசி மில்லில் கணக்கப்பிள்ளை. 1950-களின் நடுவில் ஏதோ பத்திரிகையில் ஒரு விளம்பரம். வட இந்தியாவில் இருந்து ஒரு கம்பெனி. 'பணம் அனுப்ப வேண்டாம், கார்டு மட்டும் எழுதுங்கள், பொருள் வீட்டுக்கு வரும், வந்த பிறகு பணம் கொடுங்கள்.' தாத்தா கார்டு எழுதினார். மூணு வாரத்தில் பார்சல் வந்தது. பதினெட்டு ரூபாயைத் தபால்காரர் கையில் எண்ணி வச்சுட்டுத்தான் பிரிக்க முடியும், அதுதான் விதி. பிரிச்சா, திருவிழாக் கடையில் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கிற பொம்மை வாட்ச். தபால்காரரும் தாத்தாவும் கொஞ்ச நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்களாம். அவர் என்ன பண்ணுவார் பாவம். பணம் சர்க்கார் பணமா மாறிப் போச்சு.

இன்னைக்கு நாம 'கேஷ் ஆன் டெலிவரி'ன்னு சொல்றோமே, அது அச்சு அசல் இதுதான். இந்தியத் தபால் துறை வி.பி.பி.-யைத் தொடங்கினது 1877-ல். அனுப்புறவர் பொருளுக்கு விலை எழுதித் தபாலாபீஸில் கொடுப்பார். தபால்காரர் வாங்குறவரிடம் அந்தத் தொகையையும் மணியார்டர் கமிஷனையும் வசூல் பண்ணி, பணத்தை மணியார்டராத் திருப்பி அனுப்புவார். தபாலாபீஸ் மணியார்டரே 1880-ல்தான் வந்தது. வாங்குறவர் 'வேண்டாம்'னு சொல்லிட்டா பார்சல் வந்த வழியே திரும்பும். தபால் செலவு அனுப்பினவர் தலையில். இன்னைக்கு ஆன்லைன் வியாபாரிகள் 'ரிட்டர்ன், ரிட்டர்ன்'னு அழுவுறாங்களே, அந்த அழுகைக்கு ஒன்றரை நூற்றாண்டு வயசாகப் போகுது.

இந்தப் பார்சல் எல்லாம் நம்ம ஊருக்குள்ள வேகமா வர ஆரம்பிச்சது ரயிலால்தான். திருநெல்வேலியில் இருந்து தென்காசி வழியா செங்கோட்டைக்கு ரயில் வந்தது 1903-ல். அடுத்த வருஷம் மலையைக் குடைஞ்சு கொல்லம் வரைக்கும் போயிட்டாங்க. இதில் ஒரு வேடிக்கை, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம பக்கம் இல்லை, அது திருவிதாங்கூர்க்காரங்க கையில். அவங்களுக்குன்னு தனித் தபால், அதுக்குப் பேரே 'அஞ்சல்'. இந்தியத் தபாலோட அது சேர்ந்தது 1951-ல். தென்காசியில் இருந்து கூப்பிடு தூரம், அங்க போனா தபாலே வேற தபால்!

தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இந்த வியாபாரத்துக்கும் உள்ள உறவு சாதாரணமில்லை. ஆனந்த விகடனை 1928-ல் விலைக்கு வாங்கின எஸ்.எஸ்.வாசன், அதுக்கு முன்னால விளம்பரம் பிடிக்கிற வேலையும் தபால் வழி விற்பனையும் பார்த்தவர். பட்டிக்காட்டில் இருக்கிறவனுக்கும் ஆசை உண்டு, ஆனா அவன் ஊரில் கடை இல்லைங்கிற ரகசியம் அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். புத்தகம், விதை, மருந்து, ரேடியோன்னு எத்தனையோ பொருள் அப்படித்தான் கிராமத்துக்குள்ள வந்தது. நல்லதும் வந்தது, எங்க தாத்தா வாட்சும் வந்தது.

அமெரிக்காக்காரன் கதையும் வாட்சில்தான் தொடங்குது பாருங்க. 1886-ல் மின்னசோட்டா மாநிலத்தில் ரிச்சர்ட் சியர்ஸ்னு ஒரு சின்ன ஸ்டேஷன் ஏஜெண்ட். உள்ளூர் நகைக்கடைக்காரர் ஒருத்தர் 'எனக்கு வேண்டாம்'னு திருப்பின வாட்ச் பார்சலை இவர் வாங்கி, மற்ற ஸ்டேஷன் ஏஜெண்டுகளுக்கு விற்றார். அதுதான் பின்னால சியர்ஸ் ரோபக் ஆச்சு. விவசாயி வீட்டுக்கெல்லாம் தடித் தடியா கேட்டலாக் போச்சு. சின்ன ஊர்க் கடைக்காரங்க வயித்தெரிச்சலில் அந்தக் கேட்டலாக்கை எல்லாம் வாங்கி நடுத்தெருவில் சொக்கப்பானை கொளுத்தினாங்க. ஒண்ணும் நடக்கல. கேட்டலாக் ஜெயிச்சது. அந்த சியர்ஸ் 2018 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது, அது வேற விஷயம்.

சரி, தென்காசிக்கு வருவோம்.

வாட்சில் சூடு கண்ட தாத்தா, பெரியப்பா கடை வைக்கப் போறேன்னு சொன்னதும் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாராம். "எவன் வந்து கேட்டாலும் பிரிச்சுக் காட்டி, ஓட்டிக் காட்டிட்டு அப்புறம் துட்டு வாங்கு." பெரியப்பா கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். மிக்ஸின்னா கடையிலேயே ஒரு கை உளுந்தை அரைச்சுக் காட்டிட்டுத்தான் பெட்டியில் வைப்பார்.

அந்தக் கடையோட கணக்கு எங்க ஓடுச்சு தெரியுமா? குற்றாலத்து மேகத்தில். சத்தியமா. பேரருவிக்கரையில் சீசன் கடை போடுறவங்க, ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் வச்சிருக்கவங்க எல்லாரும் வைகாசியில் வந்து ஃபேன், டியூப் லைட், வாட்டர் ஹீட்டர்னு எடுத்துட்டுப் போவாங்க. துட்டு? ஆவணியில். ஆனி, ஆடி ரெண்டு மாசம் சாரல் நல்லா அடிச்சு, தண்ணி விழுந்து, கூட்டம் வந்தா பற்று நோட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். தண்ணி விழலையா, பாக்கி அடுத்த வருஷத்துக்குத் தாவும். பெரியப்பா காலையில் கடை திறந்ததும் சாமி கும்பிடுறதுக்கு முன்னாடி மேற்கால மலையைப் பார்ப்பார். மேகம் இறங்கியிருந்தா அன்னைக்கு ஆள் சிரிச்ச முகம்.

இப்ப ஆன்லைன் கதை. இந்தியாவில் 1999-லேயே பெங்களூரில் ஃபேப்மார்ட் மாதிரி சிலர் தொடங்கிட்டாங்க. நம்மில் பல பேருக்கு இணையத்தில் முதன்முதலா காசு கட்டின அனுபவம் 2002-ல் வந்த ஐ.ஆர்.சி.டி.சி.தான். அப்பல்லாம் டிக்கெட்டைத் தாளா கூரியரில் அனுப்புவான், ஞாபகம் இருக்கா? 2007 அக்டோபரில் ஃபிளிப்கார்ட் புத்தகக் கடையாத் தொடங்கினாங்க. நம்ம தமிழ்ப் புத்தகத்துக்கு உடுமலை.காம் வந்தது. ஆனா கார்டு நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்ட நம்ம ஆளுக்குக் கை நடுங்கும். அந்தப் பூட்டைத் திறந்தது 2010-ல் ஃபிளிப்கார்ட் கொண்டு வந்த 'பொருள் வந்த பிறகு பணம்'. அதாவது 1877. :-)

அமேசான் 2013 ஜூனில் வந்தது. அப்பவும் தென்காசிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது, பின்கோடு. 627811-ன்னு அடிச்சா சில கடைகளில் 'உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை'ன்னு வரும். குற்றாலம் 627802 அடிச்சாலும் அதேதான். நான் ஒரு தடவை பெரியப்பாகிட்ட இதைச் சொன்னப்ப, "நல்லதாப் போச்சு, அப்படியே இருக்கட்டும்"னார். ரொம்ப நாள் இருக்கல.

முதல் அடி செல்போனில். 2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி, ஜூலையில் ஷாவ்மி எம்.ஐ. 3, ரெண்டும் ஃபிளிப்கார்ட்டில் மட்டும்தான். விலை கூடுதல் குறைச்சல் பிரச்சினை இல்லை இது, பொருளே கடைக்காரன் கைக்கு வராது! காலேஜ் பசங்க வந்து "அந்த போன் இருக்கா?"ன்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்ப் பெரியப்பா அந்தக் கண்ணாடி அலமாரியையே எடுத்துட்டார். அதே வருஷம் அக்டோபர் 6-ல் 'பிக் பில்லியன் டே'. தளம் படுத்து, அடுத்த நாள் முதலாளிகளே மன்னிப்புக் கேட்டாங்க. ஆனா ஊர் முழுக்க ஒரு பேச்சு பரவிடுச்சு: 'நெட்டுல பாதி வெல.'

இப்ப நான் செஞ்ச பாவத்தைச் சொல்லிடறேன். அந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு மிக்ஸி வாங்கினேன். சென்னையில் உக்காந்துக்கிட்டு, ஆன்லைனில். பெரியப்பா கடையை விட அறுநூறு ரூபாய் கம்மி. தங்கமணி அப்பவே சொன்னா, "பெரிய மாமாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க"ன்னு. யார் கேட்டா? பார்சல் தென்காசிக்கே போச்சு. கொண்டு போன பையன் வீடு தெரியாம எங்க போய் வழி கேட்டான்னு நினைக்கிறீங்க? பெரியப்பா கடையில்தான். அவரே வழி சொல்லி அனுப்பியிருக்கார்.

எட்டு மாசத்தில் மிக்ஸி நின்னு போச்சு. விற்றவனைப் பிடிக்க முடியல. கம்பெனி சர்வீஸுக்குத் திருநெல்வேலி போகணும். அம்மா சத்தம் காட்டாம அதைத் தூக்கிட்டுப் போய்ப் பெரியப்பா முன்னாடி வச்சிருக்காங்க. கப்ளர் தேய்ஞ்சிருக்கு, கார்பன் போயிருக்கு. மாத்திக் கொடுத்தார். பொருளுக்கு மட்டும் காசு வாங்கினார். ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

இதை வச்சுக் கடைக்காரர்கள் எல்லாம் தெய்வம், ஆன்லைன்காரன் எல்லாம் அரக்கன்னு எழுதினா நானே என்னை நம்ப மாட்டேன். கடைவீதியில் நமக்கு நடந்த கூத்தெல்லாம் மறந்து போச்சா? பாடப்புத்தகம் கேட்டா கைடையும் சேர்த்து வாங்கினாத்தான் தருவான். நாலு சேலைக்கு மேல எடுத்துப் போடச் சொன்னா முகம் சுளிப்பான். பெண்கள் சில பொருளை ஆம்பிளைக் கடைக்காரன்கிட்ட கேக்கக் கூச்சப்பட்டுக் கிடைச்சதை வாங்கிட்டு வருவாங்க. பில் கேட்டா, "நம்ம கடைதான், எதுக்குப் பில்லு?"

என் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன், தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம். அவன்கிட்ட இந்த மிக்ஸி கதையை உருக்கமா சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவன் சொன்னது: "உங்க பெரியப்பா தவணைக்குக் குடுப்பார், சரி. எங்க அப்பா போய்க் கேட்டப்ப முதல்ல 'எந்த ஊரு, எந்தத் தெரு'ன்னு கேட்டார். பார்சல்காரனும் எந்தத் தெருன்னுதான் கேக்கான். ஆனா அவன் வீட்டைக் கண்டுபிடிக்கக் கேக்கான்."

எனக்குப் பதில் இல்லை. ஊருக்குப் போனப்ப அந்தப் பதினொரு பற்று நோட்டையும் புரட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். சில தெருக்காரங்க பேர் அந்த நோட்டுகளில் ஒரு பக்கத்தில்கூட இல்லை. பெரியப்பாகிட்ட கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்தது. கேக்கல. நானும் அவரைப் போலத்தான்போல.

வியாபாரிகள் சும்மா இருந்தாங்கன்னு இல்லை. பல பொருள் சில்லறை வியாபாரத்தில் அந்நிய முதலீட்டை 2012 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதிச்சப்ப, தமிழ்நாட்டுக்குள்ள விட மாட்டோம்னு ஜெயலலிதா அரசு சொன்னது. வெள்ளையன், விக்கிரமராஜா ரெண்டு பேரோட சங்கங்களும் கடையடைப்பு, ஆர்ப்பாட்டம்னு இறங்கினாங்க. (வெள்ளையன் 2024 செப்டம்பரில் காலமானார்.) ஆனா வால்மார்ட் வாசல் வழியா வரல. 2018-ல் ஃபிளிப்கார்ட்டில் 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கிக்கிட்டு நம்ம செல்போன் வழியா வீட்டுக்குள்ள வந்துட்டான். அந்த வருஷம் செப்டம்பர் 28-ல் வியாபாரிகள் பந்த். மருந்துக் கடைக்காரர்களும் ஆன்லைன் மருந்தை எதிர்த்து அதே நாளில் கடை அடைச்சாங்க. மருந்துக் கடைக்காரர்கள் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2018 டிசம்பர் 17-ல், விதிமுறை வர்ற வரைக்கும் ஆன்லைன் மருந்து விற்பனைக்குத் தடைன்னு தீர்ப்பு சொன்னது. 2019 ஜனவரி தொடக்கத்தில் ரெண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வச்சது. தடை போட்ட கையெழுத்து காயறதுக்குள்ள தடைக்குத் தடை.

நீங்களும் ஆன்லைனில் விற்க வேண்டியதுதானேன்னு நாம சுலபமா சொல்லிடறோம். நானும் சொன்னேன். பெரியப்பா விசாரிச்சும் பார்த்தார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. சின்ன வியாபாரிக்கு ஒரு வரம்பு வரைக்கும் பதிவு வேண்டாம், ஆனா ஆன்லைன் தளத்தில் பொருள் விற்கணும்னா ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம். மாநிலத்துக்குள்ளேயே விற்கிற சின்னவங்களுக்கு அதைத் தளர்த்தினது 2023 அக்டோபரில். அதுக்குள்ள எத்தனையோ பேருக்கு ஆசையே போச்சு. இத்தனைக்கும் தென்காசியில் இருந்து கொஞ்ச தூரத்தில் மத்தளம்பாறை, 2011-ல் இருந்து அங்க ஜோஹோ ஆபீஸ் இருக்கு. ஆன்லைன் கடை வைக்கிறதுக்குன்னே அந்தக் கம்பெனி ஒரு மென்பொருளும் விற்குது. கடை வைக்கிற கருவி நம்ம ஊர்க் கம்பெனிகிட்டயே இருக்கு, நம்ம ஊர்க் கடை மூடுது!

வாங்குறவனுக்கு நல்லதும் நடந்திருக்கு, மறுக்கல. தாத்தா ஏமாந்தப்ப அந்த வட இந்தியக் கம்பெனிமேல கேஸ் போடணும்னா எங்க போவார்? 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புது நுகர்வோர் சட்டப்படி, நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதே மாசம் வந்த மின்வணிக விதிகளில், விற்கிறவன் யாருன்னு காட்டணும், புகாரை 48 மணி நேரத்தில் ஏத்துக்கணும், ஒரு மாசத்தில் முடிக்கணும்னு இருக்கு. எழுத்தில் இருக்கு, சரி. எத்தனை பேர் போறோம்? என் மிக்ஸிக்கு 2015-ல் நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனேனா? அம்மா பெரியப்பாகிட்டத்தான் போனாங்க.

குற்றாலத்துக் கடைகளை ஆன்லைன் தொட்டுப் பார்க்க முடியாதுன்னு ரொம்ப நாள் நினைச்சேன். அருவியில் நனைஞ்சு நடுங்கி வெளிய வர்றவனுக்குத் துண்டு இப்பவே வேணும், நாளைக்கு டெலிவரின்னா செத்துடுவான். ஜட்டி, சோப்பு, நல்லெண்ணெய், சுடச்சுட மிளகா பஜ்ஜி, ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் அப்படித்தான். மூக்கு முன்னாடி இருக்கணும். அந்தக் கடைகளுக்கு எதிரி ஆன்லைன் இல்லை, வறண்ட பாறைதான். அப்புறம் கொரோனா. 2020, 2021 ரெண்டு சீசனும் குளிக்கத் தடை. தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, பார்க்க ஆள் இல்லை. பெரியப்பாவோட பாக்கி அப்படியே நின்னு போச்சு.

ஊரடங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. 2020 மார்ச் 25-ல் இருந்து ஆன்லைன்காரங்களுக்கு அத்தியாவசியப் பொருள் தவிர வேறு எதுவும் விற்க அனுமதி இல்லை. ஏப்ரல் 20 முதல் விற்கலாம்னு சொல்லி, முந்தின நாளே அதையும் ரத்து பண்ணாங்க. அந்தச் சமயத்தில் தென்காசியைக் காப்பாத்தினது மளிகைக்கடை அண்ணாச்சிகள்தான். வாட்சப்பில் சீட்டை அனுப்பினா, டி.வி.எஸ். எக்ஸெல்லில் சாமான் வரும். பெரியப்பாவும் மாஸ்க் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போய் மிக்ஸி ரிப்பேர் பார்த்தார். எழுபதைத் தொடப் போற வயசில். அந்த மூணு மாசம் கடை பழையபடி ஓடுச்சுன்னு பெரியம்மா சொன்னாங்க. தளர்வு வந்ததும் எல்லாரும் திரும்ப போனை எடுத்துட்டோம்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் கடை காலி. சாவி வாங்க ஒருத்தர் வந்தார். கடையை வாடகைக்கு எடுத்திருக்கிறது ஒரு பார்சல் கம்பெனி, டெலிவரிப் பையன்கள் மூட்டை பிரிக்கிற இடமா மாறப் போகுதாம். எனக்குத்தான் சுருக்குன்னது. பெரியப்பா சாதாரணமா, "அந்த மூலையில மழைக்கு ஒழுகும், அட்டைப்பெட்டிய அங்க வைக்காதீங்க தம்பி"ன்னு சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

வெளிய வந்தோம். சாரல் அடிச்சுக்கிட்டிருந்தது, கோபுரம் பாதி தெரியல. என் கையில் பற்று நோட்டுக் கட்டு.

"இதை என்ன பண்ண பெரியப்பா? பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுறவா?"

மேற்கால மலையைப் பார்த்தார்.

"சவத்தப் போடாத, வீட்ல வையி. ஐந்தருவி லாட்ஜ்காரன் பாக்கி ரெண்டு வருசமா நிக்கி. இந்த வருசம் தண்ணி நல்லா விழுது. ஆவணியில குடுத்தாலும் குடுப்பான்."